விளக்கை அணைக்கும் முன் காற்றை அளப்போம்!



தோவாளைப் பூச்சந்தை, ஊர் உறங்கும் வேளையிலேயே விழித்துக்கொள்வது. பிச்சியும் அரளியும் கேந்தியும் ஏற்றிய வேன்கள் இருள் பிரியுமுன் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் விரைகின்றன. அதே நெடுஞ்சாலையில்தான் நம் குடும்பங்களின் கார்களும் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, மேலப்பாளையத்துத் திருமணங்களுக்கும் மதுரை மருத்துவமனைகளுக்கும் செல்கின்றன. வாப்பாவும் உம்மாவும் பிள்ளைகளும் நிறைந்திருக்கும் அவ்வண்டியின் பாரத்தையெல்லாம் தாங்குவது எது? நான்கு டயர்கள் சாலையைத் தொடும் நான்கு சிறு பரப்புகளே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான்.

அந்த டயர்களில் காற்று குறைந்தால் அறிவிப்பதற்கென்று, அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் ஒரு மஞ்சள் விளக்கு அமைக்கப்பட்டுள்ளது. குதிரை லாடம் போன்ற வடிவமும் அதன் நடுவே ஒரு வியப்புக்குறியும் கொண்டது அது. இவ்விளக்கு எரியக் கண்டதும் நம் இளைஞர்கள் பலர் செய்வது என்ன? ரீசெட் பொத்தானை அழுத்தி அதை அணைத்துவிடுகிறார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருந்து கொடுக்காமல், தெர்மாமீட்டரை மட்டும் உதறி வைப்பதற்கு ஒப்பான செயல் இது.

எப்படி அறிகிறது?

இக்கருவி இரு வகைப்படும். முதல் வகையில், ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வோடு சேர்த்து ஓர் உணர்கருவி இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலை மூலம் தெரிவிக்கும். இரண்டாம் வகையில் அழுத்தத்தை அளக்கும் கருவியே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றே சுருங்குவதால், அச்சக்கரம் மற்றவற்றைவிடச் சிறிது விரைவாகச் சுழலும். பிரேக் அமைப்பில் உள்ள வேக உணர்கருவிகள் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்கின்றன.

இரண்டாம் வகையில்தான் ரீசெட் பொத்தானுக்குப் பெரும் பொறுப்பு உண்டு. அதை அழுத்துவது, “இப்போதுள்ள நிலையே சரியான நிலை, இதை நினைவில் கொள்” என்று வண்டிக்குக் கட்டளையிடுவதாகும். காற்றடிக்காமல் அழுத்தினால், குறைவான அழுத்தத்தையே சரியானதென்று வண்டி கற்றுக்கொள்ளும். அதன்பின் அது எச்சரிக்க வேண்டிய நேரத்திலும் வாய் திறவாது.

இதனால் என்ன கேடு?

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர், ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது. அதனால் வெப்பம் பெருகுகிறது. கோடை நண்பகலில், முழுப் பாரத்தோடு நெடுஞ்சாலை வேகத்தில் செல்லும்போது அவ்வெப்பம் டயரின் அடுக்குகளைப் பிரித்து வெடிக்கச் செய்யக்கூடும்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. டயரின் மேற்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டயரின் குறையா, காற்றழுத்தக் குறைவா என்று நிறுவனங்கள் வாதிட்டுக்கொண்டன. அவ்வாண்டு நவம்பரிலேயே அந்நாடு இயற்றிய சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் இக்கருவி கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். நம் நாட்டிலோ, 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, டியூப்லெஸ் டயரும் இக்கருவியும் பழுது நீக்கும் பொருள்களும் உள்ள கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். ஸ்டெப்னி இல்லாத வண்டியில் செல்வோருக்கு இவ்விளக்கு எத்துணை முக்கியமானது என்று எண்ணிப் பாருங்கள்!

செய்ய வேண்டியவை

1. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின், டயர் குளிர்ந்த நிலையில் அளவு பாருங்கள். வெப்பம் ஏறக்குறைய 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடியிருக்கிறதென்று காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

2. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணையே சரியான அளவு. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச வரம்பு. அதை நிரப்பக் கூடாது. ஆட்களும் சுமையும் நிறைந்த பயணத்திற்கு அட்டவணையில் தனி அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

3. நான்கு டயர்களுக்கும், ஸ்டெப்னி இருந்தால் அதற்கும் காற்றடியுங்கள். ஒரே டயர் மீண்டும் மீண்டும் குறைந்தால் பங்க்சர் கடையில் ஆணி உள்ளதா என்று பார்க்கச் செய்யுங்கள்.

4. அதன் பின்னரே ரீசெட் செய்யுங்கள். சில வண்டிகளில் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலவற்றில் திரையின் பட்டியலுள் தேட வேண்டும். வண்டியோடு தந்த கையேடு வழிகாட்டும். பிறகு சிறிது தொலைவு ஓட்டினால்தான் வண்டி புதிய அளவைக் கற்றுக்கொள்ளும். முதல் வகைக் கருவியில் பெரும்பாலும் சில கிலோமீட்டர் ஓடியதுமே விளக்குத் தானாக அணையும்.

5. வண்டியைக் கிளப்பும்போது விளக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால், பெரும்பாலும் பழுது கருவியில்தான். சக்கரத்தினுள் உள்ள உணர்கருவியின் பேட்டரி ஐந்து முதல் பத்தாண்டுகள் வரையே உழைக்கும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். அமெரிக்க விதிப்படி, உரிய அளவில் கால் பங்கு குறைந்தால்தான் இவ்விளக்கு எரிந்தாக வேண்டும். அதாவது, 33 இருக்க வேண்டிய டயர் 25க்கு இறங்கும் வரை அது பேசாமலே இருக்கக்கூடும். ஓட்டையே இல்லாத டயரிலும் மாதந்தோறும் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு. ஆகவே விளக்கை மட்டும் நம்பியிராமல், மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்தின் முன்னரும் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

சகோதரிகளே! பயணத்திற்கு முதல்நாள் உணவும் உடையும் எடுத்துவைக்கும்போது, “டயரில் காற்றுப் பார்த்தாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டியில் அமரும் பிள்ளைகளின் உயிர், ஓட்டுபவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?