அக்கரைச் சீமையிலிருந்து ஒரு பெட்டி

புதுக்கோட்டையில் பஸ் ஏறி வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எப்போதாவது போயிருக்கிறீர்களா? ஆலங்குடி வட்டத்துச் செம்மண் பூமி. பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே பளபளவென்று வர்ணம் பூசிய மாடி வீடு ஒன்று நின்றால், "இது யார் கட்டியது?" என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை துபாயிலோ, குவைத்திலோ, சிங்கப்பூரிலோ இருக்கிறான் என்று அர்த்தம். அக்கரைச் சீமைக்குப் போவது இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் கப்பலில் பர்மாவுக்கும் மலாய்க்கும் போனார்கள். இப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள்.

போனவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். போன இடத்தில் கண்ணை மூடியவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. அபசகுனம் என்று வாயைப் பொத்திவிடுகிறார்கள். ஆனால், சகோதரி, உங்கள் வீட்டிலும் ஒருவர் அக்கரையில் இருக்கக்கூடும். ஆகவே கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிடுங்கள்.

அந்த மாடி வீடுகளில் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு டெலிபோன் மணி அடிக்கிறது. அறையில் கூடத் தங்கியிருக்கும் சிநேகிதன் பேசுகிறான். மனைவியிடம் அவன் பேசமாட்டான். அவள் தம்பியைத்தான் கூப்பிடுவான். "மாப்பிள்ளை, அக்காகிட்டே இப்பச் சொல்லாதே. மச்சானுக்குக் கொஞ்சம் முடியலை, ஆஸ்பத்திரியிலே சேர்த்திருக்குன்னு மட்டும் சொல்லு." பொழுது விடிவதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். கடைசியாகத் தெரிந்துகொள்பவள் அவள்.

இங்கேதான் ஒரு விசித்திரமான துக்கம் ஆரம்பமாகிறது. கேதம் கேட்க ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் வீட்டில் சவம் இல்லை. பந்தல் போடலாமா, கூடாதா? தாலியை எப்போது வாங்குவது? கருமாதிக்கு நாள் எங்கிருந்து எண்ணுவது? பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சில வீடுகளில் பெட்டி வந்து சேர மூன்று நாள். சில வீடுகளில் மூன்று வாரம். சவூதி அரேபியா போன்ற இடமென்றால் மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. அத்தனை நாளும் அந்தப் பெண் நெற்றியில் பொட்டுடன் உட்கார்ந்திருக்கிறாள். அதை விடக் கொடிய தண்டனை வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் இத்தனை தாமதம்? முதலில் அந்த ஊர் ஆஸ்பத்திரியும் போலீஸும் சாவுக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். பிறகு மரணச் சான்றிதழ். அதைக் கொண்டுபோய் நம் தூதரகத்தில் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டும். சவம் கெடாமல் மருந்து ஏற்றிப் பெட்டியில் வைத்து முத்திரை இட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஊரிலிருந்து ஒரு காகிதம் போக வேண்டும்: உடலை இங்கே அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்று வாரிசுகள் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றுடன் அனுப்பும் கடிதம். சவூதியில் எரியூட்டுவதற்கு அனுமதி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அழுது வீங்கிய கண்ணோடு, யாரோ நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "சம்பளப் பாக்கி ஏதும் இல்லை" என்று அதில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். படித்த பிள்ளை ஒருத்தியை உட்கார வைத்து முழுதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் குடும்பத்துக்குச் சேர வேண்டியவை. அவற்றைக் கேட்டு வாங்கத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருக்கும்.

2024 ஜூன் 12-ம் தேதி விடியற்காலம் குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்கு மாடிக் கட்டிடத்தில் கீழே தீப்பிடித்தது. மேலே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. மாண்ட இந்தியர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். ஜூன் 14-ம் தேதி விமானப் படையின் விமானம் 45 பெட்டிகளுடன் வந்து கொச்சியில் இறங்கியது. இரண்டே நாள்! தேசமே பார்த்துக்கொண்டிருந்ததால் அது நடந்தது. தமிழக அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் வெயிலில் சுருண்டு விழுந்தவனுக்கும், தூக்கத்திலேயே மாரடைப்பில் போனவனுக்கும் தனி விமானம் வருவதில்லை.

வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். அங்கே கொடுத்தால் அது சென்னை வழியாகத் தூதரகத்துக்குப் போகும். 'மதத்' என்ற இணைய தளத்திலும் புகார் பதியலாம். முதலாளி கைவிரித்து, குடும்பத்துக்கும் வசதி இல்லையென்றால், உடலை அனுப்பும் செலவுக்குத் தூதரகங்களில் 2009 முதல் ஒரு நல நிதி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாமல், குடியேற்ற அனுமதி பெற்று வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 தேசங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் உண்டு. விபத்தில் இறந்தால் 10 லட்ச ரூபாய். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஏஜெண்டு பேச்சைக் கேட்டு டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்ப்பவனுக்கு இந்த இன்ஷூரன்சும் இல்லை. விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று புறப்படுவதற்கு முன்பே ஏன் வீட்டுப் பெண்கள் கேட்பதில்லை? நகையை அடகு வைத்துக் கொடுப்பது அவர்கள்தானே!

இதற்கு முன் போனவர்களுக்கு இந்தப் பெட்டிகூட வாய்த்ததில்லை. 1942-43ல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்களே, அதற்கு மலாய்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாய்க் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் மடிந்தவர்கள் காட்டிலேயே கிடந்தார்கள். அங்கே மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. நம்மவர்களின் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ஊரில் காத்திருந்த பெண்கள் எத்தனையோ வருஷம் பொட்டை அழிக்காமலே இருந்து செத்திருப்பார்கள்.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. சரக்கு வாசலில் பெட்டியை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் திரும்பாமல் நேரே தெற்கே வரும். வீட்டு வாசலில் பெட்டியைத் திறக்கலாமா என்று ஆண்கள் தயங்குவார்கள். முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டுமென்று அவள் கேட்பாள். முடிந்தால் காட்டுங்கள்.