மண்ணில் இருப்பதெல்லாம் உடம்பில் சேருமா?

நாம் விற்கும் சரக்கில் பெரும்பகுதி மண்ணில் விளைந்தது. அரிசி, பருப்பு, மஞ்சள், மல்லி, கடலை, கிழங்கு என எதை எடுத்தாலும் அதன் பிறப்பிடம் ஒரு வயல்தான். மூட்டையைக் குத்தி மாதிரி எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, கல் உண்டா, வண்டு உண்டா, ஈரம் உண்டா என்று பார்த்துச் சொல்வதில் வியாபாரிக்கு நிகர் யாருமில்லை. ஆனால் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் மூட்டையோடு வரக்கூடும். அது வயல் மண்ணிலிருந்து பயிருக்குள் ஏறிய உலோக நஞ்சு.

இது விஞ்ஞானிகள் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று ஒதுக்க முடியாது. 2013ஆம் ஆண்டு மே மாதம் சீனாவில் குவாங்சோ நகர உணவுத் துறை அதிகாரிகள் 18 அரிசி மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 8 மாதிரிகளில் காட்மியம் வரம்பை மீறியிருப்பதாக அறிவித்தார்கள். ஹுனான் மாகாணத்து அரிசியின் பெயர் அதில் அடிபட்டது. ஊரே அந்த அரிசியை ஒதுக்கியது. அங்கே பல அரைவை ஆலைகள் ஓட்டத்தை நிறுத்தின. கலப்படம் செய்தவர் யாருமில்லை. வயல் மண்ணில் இருந்தது கதிரில் ஏறியது, அவ்வளவுதான். ஆனால் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் வியாபாரி.

ஆகவே, மண்ணில் உள்ள நஞ்சு எப்படி உடம்பைச் சேருகிறது என்ற விவரத்தை நாமும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பேரேடு வேறு, கல்லா வேறு

மண்ணில் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம், குரோமியம் போன்றவை இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். சுரங்கம், தோல் பதனிடும் தொழில், பழைய பேட்டரி உடைப்பு, சாயக்கழிவு, சில பாஸ்பேட் உரங்கள் ஆகியவற்றால் அவை கூடும். ஆனால் ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் ஈயம் இருக்கிறது என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆபத்தை அளந்துவிட முடியாது.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்லலாம். பேரேட்டில் வரவேண்டிய கடன் என்று எழுதியிருக்கும் தொகை முழுவதும் கல்லாவுக்கு வந்துவிடுகிறதா? வசூலாகும் தொகைதான் பணம். மண்ணில் உள்ள மொத்த நஞ்சு பேரேட்டுக் கணக்கு. வயிற்றில் கரைந்து, குடல் சுவரைத் தாண்டி, இரத்தத்தில் கலக்கும் பங்குதான் வசூல். உடல்நலத்தைக் கெடுப்பது அந்தப் பங்கே. மீதி மலத்தோடு வெளியேறிவிடும்.

எவ்வளவு வசூலாகும் என்பது அந்த உலோகம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் மருத்துவமனையில் வெள்ளையாக ஒரு மாவுக் கரைசலைக் குடிக்கத் தருவார்கள். அது பேரியம் சல்பேட். வயிற்று அமிலத்தில் கரையாது, குடித்தவருக்குத் தீங்கில்லை. அதே பேரியத்தின் இன்னொரு உப்பான பேரியம் கார்பனேட் வயிற்றில் கரைந்துவிடும். அதை எலி மருந்தாகப் பயன்படுத்தினார்கள்! உலோகம் ஒன்றே, ஒன்று வைத்தியத்துக்கு, மற்றது எலிக்கு.

இப்படியே ஈயமும். கந்தகத்தோடு சேர்ந்த ஈயத் தாது வயிற்றில் மெதுவாகக் கரையும். ஈயக் கார்பனேட் எளிதில் கரையும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவுமேட்டைப் பற்றி எல்லோரும் பேசக் காரணமும் இதுதான். அங்கே கிடக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் தண்ணீரில் கரைந்து கிணற்றுக்கு நகரும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமோ மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. தண்ணீரில் கரைந்த ஆர்செனிக் உடலில் சேரும் அளவோடு ஒப்பிட்டால், மண்ணில் உள்ள ஆர்செனிக் சேருவது 60 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடலாம் என 2012இல் பரிந்துரை செய்தது.

ஜப்பான் கற்ற பாடம்

அரிசி வழியாக மண் நஞ்சு மனிதரைத் தாக்கியதற்குப் பெரிய சாட்சி ஜப்பானின் டொயாமா மாவட்டம். ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா துத்தநாகச் சுரங்கம் இருந்தது. அதன் கழிவில் இருந்த காட்மியம் ஆற்று நீரோடு கீழே வந்து நெல்வயல்களில் பல்லாண்டுக் காலம் படிந்தது. மக்கள் தங்கள் வயலில் விளைந்த அரிசியைத் தாங்களே உண்டார்கள்.

அங்கே பெண்களுக்கு, அதிலும் பல பிள்ளைகள் பெற்ற நடுத்தர வயதுப் பெண்களுக்கு, எலும்பு மெலிந்து, இருமினாலே விலா எலும்பு முறியும் நிலை வந்தது. அவர்கள் கதறிய "இதாய், இதாய்" என்பதே நோயின் பெயராயிற்று. "வலிக்கிறது, வலிக்கிறது" என்று பொருள். ஹகினோ நொபோரு என்ற உள்ளூர் மருத்துவர் சுரங்கக் கழிவே காரணம் என்று விடாமல் சொல்லி வந்தார். 1968இல் ஜப்பான் அரசு அதை ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தில் 1971இல் பாதிக்கப்பட்டவர்கள் வென்றார்கள். 1972இல் மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது. கெட்டுப்போன வயல் மண்ணை மாற்றும் வேலை 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது. கழிவை ஆற்றில் விடுவது ஒரு நாள் வேலை. மண்ணைத் திருத்த 33 ஆண்டுகள்!

காட்மியம் முக்கியமாகத் தாக்குவது சிறுநீரகத்தை. அங்கே போய்த் தங்கினால் பாதியளவு வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் ஒரு வேளைச் சோற்றில் ஒன்றும் தெரிவதில்லை. இருபது, முப்பது ஆண்டுச் சோறு கணக்கைக் காட்டுகிறது. சிறுநீரகம் கெட்டால் எலும்புக்கு வேண்டிய சத்துகள் சிறுநீரில் வீணாகின்றன.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறது. 75 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே 30 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு. இதைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

வயலில் நடப்பது

ஒரே மண்ணில் விளைந்தாலும் பயிருக்குள் ஏறும் நஞ்சு ஒரே அளவாக இருப்பதில்லை. மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்பு இட்டால் அடங்கும். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். கீரையிலும் கிழங்கிலும் அது வருவது ஒட்டிய மண்ணாலும் படிந்த தூசியாலும்தான். நன்றாகக் கழுவித் தோல் சீவினால் பெரும்பகுதி போய்விடும்.

நெல்லில் ஒரு சிக்கல் உண்டு. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால், மண்ணில் இரும்புத் துருவோடு ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபட்டு நீரில் கரைந்து பயிருக்குள் ஏறுகிறது. அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிவிடுகிறது. வயலைக் காயவிட்டால் நேர்மாறாக, ஆர்செனிக் அடங்கும், காட்மியம் எழும். தண்ணீர்ச் சிக்கனத்துக்காகச் சொல்லப்படும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை ஆர்செனிக்கைக் குறைக்கும். ஆனால் காட்மியம் உள்ள மண்ணில் அதைக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

மேற்கு வங்காளத்தில் குழாய்க் கிணற்று நீரால் வந்த ஆர்செனிக் நோய் 1983இல் கண்டறியப்பட்டது. அதே நிலத்தடி நீரை நெல்லுக்கும் பாய்ச்சும் இடங்களில் ஆர்செனிக் வயல் மண்ணிலும் சேருகிறது. தவிடு பகுதியில் இது அதிகம் தங்கும். எனவே தீட்டாத அரிசியில் தீட்டிய அரிசியை விடக் கூடுதலாக இருக்கும். கோடெக்ஸ் அமைப்பும் கனிம ஆர்செனிக்குக்குத் தீட்டிய அரிசியில் 0.2, தீட்டாததில் 0.35 மில்லிகிராம் என்று இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது.

இங்கே நம் பழைய சமையல் கைகொடுக்கிறது. நிறைய நல்ல தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடித்தால் கரைந்த ஆர்செனிக் கஞ்சியோடு போய்விடும். பிரிட்டனில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அரிசியைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டு, அந்த நீரை வடித்துவிட்டு, புது நீர் ஊற்றி வேகவைத்தபோது, தீட்டிய அரிசியில் 73 சதவீதமும் தீட்டாததில் 54 சதவீதமும் குறைந்தது. ஆனால் சமைக்கும் தண்ணீரிலேயே ஆர்செனிக் இருந்தால் இதனால் பயனில்லை. வடிப்பதில் சில சத்துகளும் போகும். காட்மியத்தை இப்படி வடித்துப் போக்க முடியாது.

யாருக்கு அதிகம் சேரும்?

ஒரே தட்டில் சாப்பிட்டாலும் எல்லோருக்கும் ஒரே அளவு சேருவதில்லை. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் சுமார் 10 சதவீதமே இரத்தத்தில் சேரும். குழந்தைக்கு 50 சதவீதம் வரை சேரலாம். வெறும் வயிற்றில் இன்னும் கூடும். குடல், இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் உள்ளே வாங்கும் அதே வாசல் வழியாகத்தான் ஈயமும் காட்மியமும் நுழைகின்றன. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் அந்த வாசலை அகலத் திறக்கிறது. இரும்புக்காகத் திறந்த கதவில் நஞ்சும் புகுந்துவிடுகிறது. ஜின்சு ஆற்றங்கரையில் பிள்ளை பெற்ற பெண்கள் அதிகம் துன்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. நம் வாடிக்கையாளர் வீடுகளின் நிலையும் இதுதான். கீரை, பயறு, கேழ்வரகு, எள், வெல்லம் விற்கும் நாம் அந்தக் கதவைச் சாத்தவும் கொஞ்சம் உதவலாம்.

குழந்தைகள் தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிறார்கள். ஒரு குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரை மண்ணும் தூசியும் விழுங்கும் என்று வைத்துக் கணக்கிடுவது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இத்தனை வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு கிடையாது.

2010இல் நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலத்தில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது இதனால்தான். பொன் எடுக்க ஊருக்குள்ளேயே கல்லை அரைத்தார்கள், அதுவும் மாவு மில்லில்! அந்தக் கல்லில் ஈயம், எளிதில் கரையும் கார்பனேட் வடிவிலும் இருந்தது. மாவாக அரைத்ததால் வயிற்றில் இன்னும் விரைவாகக் கரைந்தது.

கை சேர்த்த நஞ்சு

மண் தந்ததற்கு வியாபாரி பொறுப்பில்லை. ஆனால் கை சேர்த்ததற்கு உண்டு. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேட் பூசும் வழக்கம் இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அரசு மொத்தச் சந்தையில் சோதனை நடத்தி அபராதம் விதித்தது. வியாபாரிகளுக்கும் மக்களுக்கும் விவரம் சொன்னது. 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம், 2021இல் ஒன்றில்கூட இல்லை. வியாபாரிகள் மனம் வைத்தால் இரண்டே ஆண்டில் ஒரு சந்தையைச் சுத்தம் செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

வணிகர்கள் கவனத்திற்கு

1. பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 26இன்படி விற்றவர் தரும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்குப் பிரிவு 27 விற்பவரைப் பொறுப்பாளியாக்குகிறது.

2. வெவ்வேறு ஊர்ச் சரக்கை ஒன்றாகக் கொட்டிக் கலக்காதீர்கள். மூட்டையில் ஊர், தேதி, லாட் குறித்து வையுங்கள். ஒரு லாட்டில் குறை வந்தால் அதை மட்டும் ஒதுக்கலாம்; கலந்துவிட்டால் கடை முழுதும் சந்தேகம்.

3. சோதனைச் செலவு ஒரு கடைக்குப் பாரம். சங்கத்தின் சார்பில் பல கடைகள் சேர்ந்து, அதிகம் விற்கும் அரிசி, மஞ்சள்தூள் மாதிரிகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினால் தலைக்குச் சிறு தொகையே விழும்.

4. மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றைச் சாலையோரத்திலோ வெறும் தரையிலோ காயப்போடாதீர்கள். தார்ப்பாய் விரியுங்கள்.

5. இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். தெருவில் உடைத்து உருக்குபவரிடம் போனால், அந்த ஈயம் பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடும் மண்ணில் சேரும்.

6. கடையைப் பெருக்குவதோடு நிற்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூசி எழும்பாது.

7. மசக்கையில் மண் தின்னும் ஆசை இரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம். தின்பதற்கென்று மண்கட்டி கேட்டு வந்தால் விற்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

பீதியைக் கிளப்புவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. மண்ணில் இருப்பதெல்லாம் உடம்பில் சேருவதில்லை. சேருவதைக் குறைக்கவும் வழிகள் இருக்கின்றன. அவற்றில் பல நம் கொள்முதலிலும், கிடங்கிலும், வாடிக்கையாளரிடம் சொல்லும் இரண்டு வார்த்தையிலும் அடங்கியிருக்கின்றன. "அண்ணாச்சி கடைச் சரக்கு, நம்பி வாங்கலாம்" என்ற சொல்லே நம் முதல். அதைக் காப்போம்.