ஆண்டுக்கு ஒரு நாள் ராஜா... சிங்கம்பட்டி அரண்மனையின் கதை!

ஆடி அமாவாசை வந்துவிட்டால் பாபநாசத்துக்கு மேலே காரையாறு காடு ஊராக மாறிவிடும். சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சுற்றி, தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள் ஜனங்கள். ஆட்டுக்கிடா, பொங்கல் பானை, குழந்தைகள், பாட்டிமார் என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். பட்டவராயன் சந்நிதியில் காணிக்கையாகச் செருப்பு கட்டுவார்கள். அந்தச் செருப்புகளைப் பட்டவராயன் போட்டு நடப்பதால் அவை தேய்ந்துபோகின்றன என்பது நம்பிக்கை.

இந்தக் கூட்டம் சாமியோடு இன்னொருவரையும் பார்க்கக் காத்திருக்கும். பட்டாடை, தலைப்பாகை, நகைகள், வாள் சகிதம் அவர் வந்து அமர்ந்ததும் 'ராஜ தரிசனம்' தொடங்கும். அவர்தான் சிங்கம்பட்டி ராஜா டி.என்.எஸ்.முருகதாஸ் தீர்த்தபதி. கையெழுத்துப் போட்டு ஒரு சென்ட் புறம்போக்கைக்கூடத் தர முடியாத ராஜா. ஆனாலும் திருநீறு வாங்க வரிசை நீளும்.

அம்பாசமுத்திரம் பக்கம், மணிமுத்தாறு போகும் வழியில் இருக்கிறது ஜமீன் சிங்கம்பட்டி. நாயக்கர் காலத்தில் பாளையமாக இருந்த ஊர். 1803-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்தபோது, இந்தச் சீமையின் பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். மலைக்காடு இவர்கள் கைக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. திருவிதாங்கூர் மன்னருக்கு உதவப் போன சிங்கம்பட்டி இளவரசர் போரில் இறந்துபோக, நன்றிக்கடனாக மன்னர் காட்டையும் கிராமங்களையும் கோயில்களையும் கொடுத்து, 'நல்லகுட்டி' என்ற பட்டமும் தந்தாராம். 'தீர்த்தபதி' என்றால் தீர்த்தங்களுக்கு அதிபதி. பொதிகையில் பிறந்து வரும் ஆற்றின் கரையில் ஆள்கிறவருக்குப் பொருத்தமான பெயர்தான்!

அந்தக் காட்டின் ஒரு பகுதி கைமாறியதற்குப் பின்னால் ஒரு கொலை வழக்கு பேசப்படுகிறது. சென்னை தேனாம்பேட்டையில் 'நியூயிங்டன்' என்ற மாளிகை இருந்தது. வயது வராத ஜமீன் வாரிசுகளை வெள்ளைக்கார அரசு அங்கே தங்கவைத்துப் படிக்கவைத்தது. 1919-ல் அதன் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகள் இருவரும் வழக்கில் சிக்கினார்கள். சிங்கம்பட்டிக்காரர் அப்ரூவர் ஆனார். விசாரணை பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் கடம்பூர்க்காரர் விடுதலையானார்.

வழக்குச் செலவில் ஏறிய கடனால்தான் ஜமீன் காட்டைக் குத்தகைக்கு விட்டது என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். 1929-ல் சுமார் 8,374 ஏக்கர் மலைக்காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் 'பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்' கைக்குப் போனது. மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் பிறந்தது அப்படித்தான்.

முருகதாஸ் தீர்த்தபதி பிறந்தது 1931-ல். தந்தை இறந்துபோக, மூன்றரை வயதிலேயே பட்டத்துக்கு வந்துவிட்டார். படித்தது இலங்கையில், கண்டி டிரினிட்டி கல்லூரியில். இருபது சொச்சம் வயதில் 1952-ல் ஜமீன் ஒழிந்தது. காடு அரசுக்குப் போனது. இன்று அது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி.

பல ஜமீன் குடும்பங்கள் அதோடு அரண்மனையை விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டன. இவர் சிங்கம்பட்டி அரண்மனையிலேயே இருந்தார். ஜமீன் காலத்துப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். ஆடி அமாவாசைக்கு மறக்காமல் காட்டுக்குப் போனார். நிலத்தையும் வரியையும் சட்டத்தால் எடுத்துக்கொள்ள முடிந்தது. 'நம்ம ராஜா' என்று ஜனங்கள் கூப்பிடுவதை எந்தச் சட்டப் பிரிவில் எடுப்பது?

இது நெல்லைக்கு மட்டுமே உள்ள விசித்திரம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் யோருபா மக்களுக்கு ஊருக்கு ஊர் அரசர் உண்டு. அவரை 'ஓபா' என்பார்கள். அரசாங்கம் நடத்துவது அவர் வேலை இல்லை. ஆனால் ஒசோக்போ நகரில் ஆகஸ்ட் மாதம் ஓசுன் ஆற்றுத் தெய்வத்துக்கு விழா எடுக்கும்போது, ஊர்வலத்தோடு ஓபாவும் ஆற்றங்கரைக் காட்டுக்குப் போயாக வேண்டும். அங்கேயும் ஆறு, காடு, தெய்வம், ராஜா. ஏறக்குறைய நம் ஆடி மாதம்தான்! அந்தக் காடு 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் என்று பேசப்பட்ட தீர்த்தபதி, 2020 மே 24-ல் தன் 89-வது வயதில் காலமானார். கொரோனா ஊரடங்கு நேரம். ஆடி அமாவாசைக்குத் திரளும் கூட்டம் வந்து வழியனுப்ப முடியாத காலம்.

ராஜா போய்விட்டார். மலை மேலே அரண்மனையின் அந்தப் பழைய குத்தகை மட்டும் இன்னும் மனிதர்களை அலைக்கழிக்கிறது. குத்தகைக் காலம் முடியப்போவதால், 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னது. பாட்டன் காலத்திலிருந்து தேயிலை பறித்தவர்கள் அவர்கள். பிறந்த ஊர் என்று கேட்டால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்றுதான் சொல்வார்கள். 1929-ல் எழுதிய குத்தகைக்கு 2028-ல் கெடு முடிகிறது.