டாக்டரின் முகம் சிவந்தது ஏன்?

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. தலைமை தாங்க ஒரு டாக்டர் வருகிறார். ஊரெல்லாம் பெயர் பெற்றவர். அவரை வரவேற்று ஒரு மாணவன் ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

பையன் இரவெல்லாம் கண்விழித்து எழுதினான். முதலில் 'ஃபேமஸ் டாக்டர்' என்று எழுதினான். அப்புறம் யோசித்தான். 'ஃபேமஸ்' எல்லோருக்கும் தெரிந்த சொல். பெரிய சொல்லாகப் போட்டால் கைதட்டல் கிடைக்குமே! ஒரு புத்தகத்தைப் புரட்டினான். 'ஃபேமஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'நொட்டோரியஸ்' என்ற சொல் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டான்.

மறுநாள் மேடையில் பேசினான். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது!

'நொட்டோரியஸ்' என்றால் ஊரறிந்தவர் என்பது உண்மைதான். எதனால் ஊரறிந்தவர்? கெட்ட செய்கையால்! கொள்ளைக்காரனுக்குச் சொல்லும் சொல்லை, பாவம், டாக்டருக்குச் சூட்டிவிட்டான்.

இது கற்பனைக் கதைதான். ஆனால் வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் இப்படி ஒரு சொல் விழுந்தால் என்ன ஆகும்? வேலை போய்விடும்!

பையன் புரட்டிய புத்தகத்துக்குத் 'தெசாரஸ்' என்று பெயர். அவன் புரட்டாமல் விட்ட புத்தகம் டிக்ஷனரி, அதாவது அகராதி. சொல் தெரிந்து பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் பார்க்க வேண்டும். பொருள் மனதில் இருக்கிறது, சொல் வாயில் வரவில்லை என்றால் தெசாரஸைப் பார்க்க வேண்டும்.

73 வயதில்...

தெசாரஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கருவூலம் என்று பொருள். ஆங்கிலத்தில் புகழ் பெற்ற தெசாரஸைத் தொகுத்தவர் பீட்டர் மார்க் ரோஜே. லண்டனில் 1779-ம் ஆண்டு பிறந்தவர். தொழிலில் அவரும் ஒரு டாக்டர்தான்!

1805-ம் ஆண்டில், தாம் எழுதும்போது உதவட்டும் என்று, ஒரே கருத்துள்ள சொற்களைக் கூட்டம் கூட்டமாக எழுதி வைத்தார். அந்த நோட்டு ஏறக்குறைய 50 ஆண்டுகள் அவரிடமே இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அதை விரிவாக்கி 1852-ல் புத்தகமாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 73! கருத்துகளை 1,000 தலைப்புகளாகப் பிரித்திருந்தார். அதற்குப் பிறகும் 17 ஆண்டுகள் வாழ்ந்து, தம் புத்தகம் அச்சுமேல் அச்சாக விற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

நமக்கு இது புதிய சங்கதி அல்ல. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்ற நிகண்டுகள் தமிழில் எப்போதோ வந்துவிட்டன. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரத்தின் பெயர் என்று அவை சொற்களை இனம் இனமாகச் சேர்த்து வைத்தன. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள்.

ஆனால் ஒரே கூட்டத்தில் நிற்கும் சொற்கள் எல்லாம் ஒரே குணம் உள்ளவை அல்ல. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் பிறந்தாலும் குணம் வேறு அல்லவா? ஒல்லியாக இருக்கும் பெண்ணை 'ஸ்லெண்டர்' என்று சொன்னால் மகிழ்வாள். 'ஸ்கின்னி' என்று சொன்னால் பேசவே மாட்டாள். எலும்பும் தோலும் என்று சொன்னது போல ஆகிவிடும்!

குணத்தைச் சொல்வது அகராதி. நல்ல அகராதி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தோட்டத்துக் கொட்டகை

ஜேம்ஸ் மர்ரே ஸ்காட்லாந்துக்காரர். தையற்காரரின் மகன். 14 வயதோடு பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது. பிறகு தாமாகவே பல மொழிகளைக் கற்று ஆசிரியர் ஆனார். அவரிடம்தான், 1879-ல், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுக்கும் வேலை வந்தது.

தோட்டத்தில் ஓர் இரும்புக் கொட்டகை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். "ஒவ்வொரு சொல்லையும் யார், எந்த ஆண்டில், எந்த வாக்கியத்தில் எழுதினார்கள்? புத்தகங்களைப் படித்துத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்" என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். சீட்டுகள் வந்து குவிந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் 50 லட்சம்! மர்ரேக்கு 11 பிள்ளைகள். அவர்களும் உட்கார்ந்து சீட்டுகளை அகரவரிசையாக அடுக்கினார்கள். தகப்பனார் அதற்குக் காசு கொடுத்தார்.

சீட்டு அனுப்பியவர்களில் ஒருவர் கொலை செய்தவர்! பெயர் வில்லியம் மைனர். அமெரிக்க ராணுவத்தில் டாக்டராக இருந்தவர். மனநோயால் பீடிக்கப்பட்டு, 1872-ல் லண்டனில் ஓர் ஏழைத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டார். பிராட்மூர் என்ற இடத்தில் மனநோய்க் குற்றவாளிகளோடு அடைக்கப்பட்டார். அங்கிருந்தே பழைய புத்தகங்களைப் படித்து, ஆயிரக்கணக்கான சீட்டுகளை அனுப்பி வைத்தார்.

பத்து ஆண்டில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1884-ல் முதல் பகுதி வந்தது. 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கி எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்ற சொல் வரையில்தான் வந்திருந்தது! மர்ரே மனம் தளரவில்லை. 1915-ல், 'டி' எழுத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது காலமானார். மற்றவர்கள் தொடர்ந்து 1928-ல் முடித்தார்கள். சொற்கள் நான்கு லட்சத்துக்கு மேல். நம்முடைய கட்டுமரமும் சுருட்டும்கூட உருமாறி அதில் உட்கார்ந்திருக்கின்றன!

வாங்கும்போது...

அந்தச் சீட்டுகளில் இருந்தவை உதாரண வாக்கியங்கள். சொல்லின் குணம் வாக்கியத்தில்தான் தெரியும். நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம். இன்று அப்படியா? ஆங்கிலத்திலும் 'நைஸ்' என்ற சொல்லுக்கு ஆதியில் மூடன் என்று பொருள்!

ஆகவே, பிள்ளைகளுக்கு அகராதி வாங்கும்போது அட்டையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். 'நொட்டோரியஸ்' போன்ற ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். உதாரண வாக்கியம் இருக்கிறதா? உச்சரிப்பு இருக்கிறதா? ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று போட்டு நிறுத்திவிட்ட அகராதி வேண்டாம். செல்போன் அகராதிக்கும் இதே சோதனைதான். தெசாரஸை இரண்டாவதாக வாங்கலாம். அதில் எடுத்த சொல்லை அகராதியில் பார்க்காமல் எழுத வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவு பாடுபட்ட மர்ரேயின் கொட்டகையிலும் ஒரு தவறு நடந்துவிட்டது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பான்ட்மெயிட்' என்ற சொல்லுக்கு உரிய சீட்டுகள் எப்படியோ காணாமற்போயின. அந்தச் சொல் இல்லாமலே 'பி' எழுத்து அச்சாகிவிட்டது. 1933-ல் வந்த இணைப்பில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அப்போது மர்ரே இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.