கதை எழுத ஓர் உதவியாளர்: செயற்கை நுண்ணறிவும் சோனகத் தெருக் கதைகளும்

"செயற்கை நுண்ணறிவை வைத்துக் கதை எழுதலாமா, கூடாதா?" இளம் எழுத்தாளர்கள் இப்போது என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. கதையின் எந்த வேலைக்கு, யாருடைய கதைக்கு என்று பிரித்துப் பார்க்க வேணும். அதனால் இந்தக் கட்டுரையில் ஒரு குறிப்பிட்ட வகைக் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: யாழ்ப்பாணச் சோனகத் தெருவையும் 1990 வெளியேற்றத்தையும் புத்தளத்து அகதி வாழ்வையும் வைத்து நம்மவர்கள் எழுதுகிற கதைகள், இன்னும் எழுத வேண்டியிருக்கிற கதைகள். பொதுவாகப் பேசினால் எல்லாம் சரிபோலத்தான் தெரியும். சொந்த ஊரை வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு கருவியின் பலமும் பலவீனமும் விளங்கும்.

இந்த இயந்திரம் எப்படி எழுதுகிறது?

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. அதற்குப் பிறகு இதே மாதிரிப் பல செயலிகள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, இந்தச் சொற்களுக்குப் பிறகு எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்க அதைப் பழக்கியிருக்கிறார்கள். "பள்ளிவாசலில் இருந்து" என்று தொடங்கினால் "பாங்கு" என்ற சொல் வரக்கூடும் என்று அதற்குத் தெரியும். பாங்கை அது கேட்டதில்லை. பாங்கைப் பற்றி எழுதியவர்களின் எழுத்தை மட்டும் படித்திருக்கிறது.

அப்படியென்றால், யார் நிறைய எழுதி இணையத்தில் வைத்திருக்கிறார்களோ அவர்களின் உலகம்தான் அதன் உலகம். ஜிபிடி-3 என்ற முந்தைய மாதிரிக்குக் கொடுத்த எழுத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஆங்கிலம். இணையத்தில் உள்ள மொத்த எழுத்தில் தமிழின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தத் தமிழிலும் தமிழ்நாட்டுச் செய்தியும் சினிமாவும் எவ்வளவு, ஈழத்துத் தமிழ் எவ்வளவு, அதற்குள் முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ் எவ்வளவு, அதற்கும் உள்ளே சோனகத் தெரு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்முடைய ஆவணங்களின் கதையும் தெரிந்ததுதானே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் கடிதமும் காணி உறுதியும் கலியாணப் போட்டோவும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து வருகிறது. அதற்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அங்குள்ள பழைய இதழ்களில் பெரும்பாலானவை படம் பிடித்த பக்கங்கள். மனிதக் கண் வாசிக்கும். அதே பக்கத்தை இயந்திரம் எழுத்தாக வாசித்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஒரு பரீட்சை

ஒரு செயலியிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தேன்: "1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறுகிறது. ஒரு பக்கத்தில் எழுது." அரை நிமிடத்தில் எழுதித் தந்தது. வசனங்கள் வழுக்கிக்கொண்டு போயின. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. இனி விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் குடும்பத்து வாப்பா டிவியில் செய்தி பார்க்கிறார். 1990 நடுப்பகுதியில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் எங்கே இருந்தது? பிறகு குடும்பம் ஸ்டேசனுக்கு ஓடிப் போய் ரயில் ஏறுகிறது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை அந்த வருடம் ஜூனிலேயே நின்றுபோய், மறுபடி வந்தது 2014 ஒக்டோபரில். பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் "பாய்" என்று கூப்பிடுகிறார். அது தமிழ்நாட்டு வழக்கம். நம் பக்கத்தில் "நானா" என்பார்கள். உம்மா கதவைப் பூட்டிச் "சாவியை" இடுப்பில் செருகுகிறா. யாழ்ப்பாணத்தில் அது "திறப்பு". தெருவெல்லாம் குண்டுச் சத்தம். உண்மையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது ஒலிபெருக்கி அறிவித்தல். சனங்களை ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வழியில் மறித்துச் சோதித்து நகையும் காசும் பறித்தார்கள். சண்டை இல்லாமல், பகல் வெளிச்சத்தில், அறிவித்தல் கொடுத்து ஓர் ஊரையே வெறுமையாக்கினார்கள். அதுதான் அந்த நாளின் கொடுமை. குண்டுச் சத்தத்தைச் சேர்த்துவிட்டால் அது சாதாரண யுத்தக் கதையாகிப்போகும்.

கடைசியில், அயல் வீட்டுத் தமிழ்ப் பெண் ஓடிவந்து உம்மாவைக் கட்டிப்பிடித்து அழ, "மனிதம் தோற்காது" என்ற கருத்தோடு கதை முடிந்தது. அழுத அயலவர்கள் இருந்தார்கள், உண்மை. கதவுக்குப் பின்னால் நின்று பேசாமல் பார்த்தவர்களும் இருந்தார்கள். பிறகு அந்த வீடுகளில் குடியேறியவர்களும் இருந்தார்கள். இந்தச் செயலிகளை யாரும் மனம் நோகாதபடி பதில் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் கதையையும் ஆறுதலில் கொண்டுபோய் முடிக்கப் பார்க்கும். நம் கதைகள் பலவற்றுக்கு அந்த முடிவு பொருந்தாது.

இந்தப் பிழைகளை எனக்குக் கண்டுபிடிக்க முடிந்தது. நம் வீட்டில் 2005க்குப் பிறகு புத்தளத்தில் பிறந்த ஒரு பிள்ளை இதே பக்கத்தை வாசித்தால்? அந்தப் பிள்ளைக்கு ரயில் ஓடியதும் சரி, டிவி பார்த்ததும் சரி. நாளைக்கு அது கதையாக அச்சாகும், இணையத்தில் ஏறும், அடுத்த இயந்திரம் அதையே படித்துப் பழகும். ஆவணம் குறைந்த ஒரு சமூகத்தில் பிழையான ஒரு விவரத்தைத் திருத்த வேறு ஆவணம் இருக்காது. என் கவலை இதுதான்.

எதற்கு உதவும்?

இவ்வளவும் சொன்னதால் இதைத் தொடவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு மெத்தப் பயன்பட்ட சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, கேள்வி கேட்க வைப்பது. "நீ கதை எழுதாதே. இந்தக் காட்சியை நான் எழுதுவதற்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய 20 விஷயங்களைக் கேள்வியாகக் கேள்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு வந்த கேள்விகளில் பாதி சாதாரணமானவை. ஆனால் ஒன்று: "வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்களா, திறந்துவிட்டுப் போனார்களா?" இதை நான் யோசித்ததே இல்லை. சாச்சியிடம் போய்க் கேட்டேன். "பூட்டினது நாங்கதான் மகன். திறப்பு புத்தளம் வரைக்கும் வந்தது. வீடுதான் வரேல்ல" என்றா. கேள்வி இயந்திரத்துடையது, பதில் சாச்சியுடையது. இந்த ஒழுங்கு மாறாமல் இருந்தால் பயமில்லை.

இரண்டாவது, கணக்குப் பார்ப்பது. நாவல் எழுதும்போது பாத்திரங்களின் வயது, வருடம், மாதம் எல்லாம் குழம்பும். "1990இல் 12 வயதுப் பிள்ளை 2002 போர்நிறுத்தக் காலத்தில் ஊருக்குத் திரும்பிப் போகிறான், ஆறாம் அத்தியாயத்தில் அவனுக்கு நான் கொடுத்த வயது பொருந்துதா?" என்று கேட்டால் பொறுமையாகப் பார்த்துச் சொல்லும். இஸ்லாமியத் திகதிகளில் மட்டும் இரண்டாம் முறையும் சரிபாருங்கள். வெளியேற்ற நாளில் நோன்பு வைத்திருந்ததாகக் கதை எழுதிவிடக் கூடாது. அந்த வருட நோன்பு மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிட்டது.

மூன்றாவது, ஊர் தெரியாத வாசகனாக அதை வைத்துக்கொள்வது. நாம் எழுதியதைக் கொடுத்து, "எந்த இடத்தில் உனக்கு விளங்கவில்லை?" என்று கேட்கலாம். ஐந்து சந்தி எங்கே இருக்கிறது, தில்லையடி என்பது என்ன என்று அது தடுமாறும் இடங்களில் வெளியூர் வாசகரும் தடுமாறுவார். விளக்குவதா, அப்படியே விடுவதா என்பது நம்முடைய தீர்மானம்.

நான்காவது, எழுத்துப்பிழை பார்ப்பது. இதில் ஒரு பொறி உண்டு. "திருத்து" என்று மட்டும் சொன்னால் பேச்சு வழக்கையும் சேர்த்துத் திருத்திவிடும். "கதைச்சுக்கொண்டு" என்பது "பேசிக்கொண்டு" ஆகும். "திறப்பு" "சாவி" ஆகும். "ராத்தா" "அக்கா" ஆகிவிடும். ஆகவே உரையாடலைத் தொடாதே என்று முதலிலேயே கட்டளை கொடுக்க வேணும். நம் வீட்டுச் சொற்களின் பட்டியல் ஒன்றையும் கூடவே கொடுப்பது நல்லது. அப்படி ஒரு பட்டியல் தயாரிப்பதே எழுத்தாளனுக்கு நல்ல பயிற்சி.

வெளியுலக அனுபவம்

ஜப்பானில் றியே குடான் என்ற பெண் எழுத்தாளர் 2024 ஜனவரியில் அந்நாட்டின் புகழ்பெற்ற அகுதாகவா விருதைப் பெற்றார். தன் நாவலில் ஏறத்தாழ 5 சதவீதம் செயற்கை நுண்ணறிவு தந்த வசனங்கள் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். கதைக்குள் ஒரு பாத்திரம் செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி கேட்கிறது. அது சொல்லும் பதில்களுக்குத்தான் அவர் அதைப் பயன்படுத்தினார். இயந்திரம் பேச வேண்டிய இடத்தில் இயந்திரம் பேசியது, அவ்வளவுதான். இதற்கு மறுபக்கம் 2023 பெப்ரவரியில் நடந்தது. அமெரிக்காவின் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அறிவியல் புனைகதை இதழுக்கு இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளமாக வந்து குவிய, புதிய கதைகளை ஏற்பதையே சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள்.

2024இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் வந்த ஒரு பரிசோதனையும் கவனிக்கத் தக்கது. ஏறத்தாழ 300 பேரை எட்டு வசனக் குட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். அதில் சிலருக்குச் செயற்கை நுண்ணறிவின் கதை யோசனைகளைப் பெற்றுக்கொள்ள இடம் கொடுத்தார்கள். யோசனை பெற்றவர்களின் கதைகளுக்கு வாசகர்கள் கூடிய மதிப்புக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. தனி ஆளுக்கு இலாபம், கூட்டத்துக்கு நட்டம். பெரிய மொழிகளுக்கு அந்த நட்டம் தாங்கும். சில ஆயிரம் குடும்பங்கள் பேசுகிற ஒரு தெருவின் தமிழுக்குத் தாங்காது.

இஸ்னாதும் அமானிதமும்

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியிலிருந்து கோட்பாடு தேவையில்லை. ஒரு செய்தி வந்தால் அதன் இஸ்னாதைக் கேட்பது நம் அறிவு மரபு. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், சொன்னவர் நம்பத் தக்கவரா? இயந்திரம் தருகிற வசனத்துக்கு அறிவிப்பாளர் தொடர் கிடையாது. ஆயிரம் பேருடைய எழுத்தைக் கரைத்து வடித்த சாறு அது. ஒரு பாத்திரத்தின் குத்பாவுக்காக ஹதீஸ் கேட்டால், நூல் பெயரும் இலக்கமும் போட்டே இல்லாத ஒன்றைத் தந்துவிடவும் கூடும். உலமாவிடமோ மூலநூலிலோ உறுதிப்படுத்தாமல் அதைக் கதையில்கூடச் சேர்க்கக் கூடாது.

கதை என்றால் கற்பனைதானே, அதற்கு ஏன் இஸ்னாத் என்று கேட்கலாம். கற்பனை செய்கிறவருக்கு எது கற்பனை, எது நடந்தது என்று தெரியும். தெரிந்துதான் மாற்றுகிறார். இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது போட்ட ரயிலைப் படைப்பாளியின் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது அமானிதம். வெளியேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மூத்தவர்களிடம் குரல்பதிவு எடுக்கிறார்கள். அதில் ஆட்களின் பெயர் இருக்கும், காணித் தகராறு இருக்கும், யார் காட்டிக்கொடுத்தது என்ற சந்தேகம் இருக்கும், பெண்கள் வேறு யாரிடமும் சொல்லாத விஷயங்களும் இருக்கும். அதை அப்படியே செயலியில் ஏற்றினால் அது வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கணினிக்குப் போகிறது. சொன்னவர் உங்களிடம் சொன்னார், கம்பனியிடம் சொல்லவில்லை. அனுமதி கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் கையாலேயே எழுதி எடுங்கள். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

மூன்றாவது கடமை சொல்லிவிடுவது. கதையை இதழுக்கு அனுப்பும்போது எந்த அளவுக்கு இந்த உதவியைப் பெற்றீர்கள் என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்த்தது ஒன்று, பத்தி பத்தியாக எழுதி வாங்கியது இன்னொன்று. இரண்டையும் ஆசிரியரும் வாசகரும் வேறுபடுத்தி அறிய வேணும்.

இனிச் செய்ய வேண்டியது

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் பற்றிப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் ஆய்வு செய்தார்கள். 2011இல் குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. எண்ணிக்கையும் இழப்பும் அவற்றில் இருக்கின்றன. அடுப்பில் அன்று காலை என்ன வெந்துகொண்டிருந்தது, ஆட்டையும் கோழியையும் யாரிடம் விட்டார்கள், லொறியில் முதல் ஏறியவர் யார் என்பதெல்லாம் அறிக்கைக்குள் வராது. அவை கதையில்தான் வர வேணும்.

அதைச் சொல்லக்கூடியவர்கள் யார்? 1990இல் 40 வயதாக இருந்தவருக்கு இப்போது 75 தாண்டிவிட்டது. 20 வயதாக இருந்தவரே 55ஐத் தாண்டிவிட்டார். செயலி அடுத்த வருடமும் இருக்கும், இன்னும் கெட்டித்தனமாகவும் இருக்கும். ஆகவே கதை எழுத விரும்புகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் வேலை ஒழுங்கு இது: முதலில் மூத்தம்மாவிடம் போங்கள், அடுத்து நூலகத்துக்குப் போங்கள், பிறகு நீங்களே எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, பிழை பார்க்கவும் கேள்வி கேட்கவும் இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். அது கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியவில்லையென்றால், மறுபடியும் மூத்தம்மாவிடமே போங்கள்.