ஹெபடைடிஸ்: பணம் எங்கே கரைகிறது?

2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். ஹெபடைடிஸ் சி-க்குத் தினம் ஒன்று வீதம் 12 வாரம். மொத்தம் 84,000 டாலர். மறு ஆண்டே அதைத் தயாரிக்கும் கிலியட் நிறுவனம் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் தர, இங்கே விலை மளமளவென்று இறங்கியது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்குமே அரசு மையங்களில் மருந்து இலவசம். பிறகு ஏன் குடும்பங்கள் கடனில் விழுகின்றன?

மருந்து கைக்கு வருமுன் கல்லீரல் சுருங்கிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இருபது ஆண்டுகூடச் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். ‘மஞ்சள் காமாலைதான் வரவில்லையே’ என்றிருந்தவர், வயிறு வீங்கிய பிறகே மருத்துவமனைப் படி ஏறுகிறார்.

வயிற்றில் கோத்த நீரை ஊசி வழியே வடிக்கிறார்கள். ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால், சிறுநீரகம் பழுதாகாமலிருக்க, எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் என்ற புரதத்தை ஏற்ற வேண்டும். 20 சதவீத அல்புமின் 100 மில்லி பாட்டிலில் இருப்பது 20 கிராம்தான். ஆறு லிட்டர் வடித்தால் இரண்டு பாட்டிலாவது வேண்டும். மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதால் ஒரு பாட்டிலே சில ஆயிரம் ரூபாய். நோய் முற்றியவர்களுக்குச் சில வாரத்தில் நீர் மறுபடி சேர்ந்துவிடும். மறுபடி ஊசி, மறுபடி பாட்டில்.

ரத்த வாந்தி எடுத்தால் எண்டோஸ்கோபி, ஐசியூ. மாற்று அறுவை சிகிச்சை தனியாரில் 20 லட்சத்தைத் தொடும்.

பில்லில் ஏறாத செலவும் உண்டு. நோயாளிக்கு வேலை போயிருக்கும். துணைக்கு இருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அன்றாடக் கூலி போகும். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். சி வைரஸ் ஒழிந்தாலும், சுருக்கம் வந்த கல்லீரலில் புற்றுநோய் வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் தொடர வேண்டும். பி வகைக்கு டெனோஃபோவிர் மாத்திரை பலருக்கு ஆயுள் முழுக்க.

எகிப்து இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், 2018-19-ல் ஏழே மாதத்தில் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்து, உள்நாட்டிலேயே தயாரான மாத்திரையை இலவசமாகக் கொடுத்தது. நம் ஊரிலோ ரத்ததானம் கொடுக்கப் போன இடத்திலும், வேறேதோ அறுவை சிகிச்சைக்கு முன்னாலும், கர்ப்பகாலப் பரிசோதனையிலும் தற்செயலாகத் தெரியவந்தால்தான் உண்டு. அப்படித் தெரியவந்தவரின் வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் அதே சோதனையைச் செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் இன்னும் சில பேருக்கு அல்புமின் செலவு மிச்சம்.