பதிவேட்டில் விடுபட்ட பதக்கம்: பேராக் குடும்பங்கள் கேட்க வேண்டியது எதை?

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் அதை அடுத்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அங்கிருந்து தொடங்கி 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பத்து காஜா கல்லறையில் அந்த மூவரின் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் அங்கே அஞ்சலி நடக்கிறது. அதே ஆண்டுகளில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் படை திரட்டப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அதன் பலம் 40,000 அளவுக்கு வளர்ந்திருந்தது. பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், தமிழர்களும் இருந்தார்கள். பகலில் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை இரவில் துப்பாக்கியோடு ரப்பர் ஸ்டோர் வாசலில் நின்றான். 1952இல் எல்லா இனத்தாரையும் சேர்த்து ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் தொடங்கியபோது அதிலும் நம்மவர்கள் சேர்ந்தார்கள். இவர்களில் பலருக்கு உரிய பதக்கம் வந்து சேரவில்லை. சிலருக்கு வந்தும் பணிப்பதிவில் ஏறவில்லை. இன்று அதைக் கேட்டுப் போகும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கருணை மனு எழுதுவதுபோல் எழுதுகிறார்கள். அங்கேதான் முதல் சறுக்கல் என்பது என் உறுதியான கருத்து. கேட்க வேண்டியது பதிவுத் திருத்தம். அப்படிக் கேட்டால் எந்த அலுவலகத்துக்குப் போவது, எந்தத் தாளைத் தேடுவது, மறுத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் தெளிந்துவிடும்.

பதக்கங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று பணிப் பதக்கம். குறித்த காலத்தில், குறித்த இடத்தில், குறித்த படையின் பலத்தில் ஒருவர் இருந்தார் என்றால் அது அவருக்குச் சேரும். அவசரகாலப் பணிக்கு பிரிட்டிஷ் அரசு தந்த ஜெனரல் சர்வீஸ் மெடல், அதன் நாடாவில் ‘மலாயா’ என்ற பட்டையுடன், இந்த வகை. ராணுவத்தாரோடு போலீசாருக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கும் அது வழங்கப்பட்டது. காமன்வெல்த் படையினருக்கு மலேசியா பின்னாளில் வழங்கிய பிங்காட் ஜாசா மலேசியாவும், கம்யூனிஸ்டு எதிர்ப்புக் காலத்தில் பணியாற்றிய நம் நாட்டுப் பாதுகாப்புப் படையினருக்கான பிங்காட் ஜாசா பாலாவான் நெகாராவும் இதே வகையில்தான் வரும். இங்கே யாருடைய மனம் இரங்கவும் வேண்டியதில்லை. காலமும் இடமும் நிரூபணமானால் போதும். இரண்டாவது வகை வீர விருது: ஸ்ரீ பாலாவான் காகா பெர்க்காசா, பங்ளிமா காகா பெரானி போன்றவை. இவற்றுக்குப் பரிந்துரை, தேர்வு, அறிவிப்பு என்று தனி வழி இருக்கிறது. ‘அப்பா வீரமாகப் போராடினார், கொடுங்கள்’ என்று கேட்டு வாங்க முடியாது. கூட்டரசு விருது பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலைப் பிரதமர் துறையின் இஸ்தியாடாட் பிரிவு வைத்திருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம். பேராக் சுல்தான் வழங்கும் மாநில விருதுகளுக்குப் பட்டியல் வேறு. முதல் கடிதம் எழுதுவதற்கு முன் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளாதவர்கள் ஆண்டுக்கணக்கில் தவறான கதவைத் தட்டுவார்கள்.

பதிவு ஏன் விடுபடுகிறது? அலட்சியம், ஓரவஞ்சனை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவையும் இருந்திருக்கும். ஆனால் தோட்டத்துத் தமிழர் விஷயத்தில் பெரிய காரணம் பெயர். குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தில் ஒரே ஆளின் பெயரைத் தோட்டத்துக் கிராணி ஒரு விதமாகவும், பள்ளிக்கூடம் ஒரு விதமாகவும், ஆள் சேர்த்த ராணுவ எழுத்தர் இன்னொரு விதமாகவும் எழுதினார்கள். முனியாண்டி, மூனியான்டி, முனியண்டி என்று மூன்று தாளில் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். பழைய தாளில் ‘எஸ்/ஓ’, புதிய தாளில் ‘ஏ/எல்’. பழைய அடையாளக் கார்டு எண் ஒன்று. 12 இலக்க மைகார்டு எண் வேறு. 2000 ஜூலையில் கோலகங்சாரை அடுத்த சாவுக்கில், புக்கிட் ஜெனாலிக் காட்டில் அல்-மவுனா கும்பலிடம் பிணையாக இருந்து உயிர்விட்ட போலீஸ்காரர் ஆர். சகாதேவனை நாடே அறியும். அவர் பெயரே ஆங்கில எழுத்தில் வேறு வேறு விதமாக அச்சேறிக்கொண்டிருக்கிறது. நாடு முழுக்கச் செய்தியான ஒருவருக்கே இந்த நிலை என்றால், 1950இல் தோட்டத்துக் காவல் நின்ற கான்ஸ்டபிளின் பெயர் என்ன பாடு பட்டிருக்கும்?

ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள். படை எண்ணை வைத்துத் தேடுங்கள். எழுத்துப்பிழையில் சிக்காத ஒரே நூல் அதுதான். படை எண் எங்கே கிடைக்கும்? சேவை நிறைவுச் சான்றில், சம்பளப் புத்தகத்தில், பழைய படங்களின் பின்பக்கத்தில். பதக்கமே வீட்டில் கிடந்தால் அதிலேயே இருக்கலாம். ஜெனரல் சர்வீஸ் மெடல் வெள்ளியால் ஆன வட்டம். நாடா ஊதா நிறம், நடுவில் ஒரு பச்சைக் கோடு. அதைப் படுக்கை வசத்தில் பிடித்து விளக்கொளியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால், பெற்றவரின் எண்ணும் பதவியும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். விளிம்பு தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். புளி, சாம்பல், பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம்; தேய்க்கத் தேய்க்க அழிவது அந்த எழுத்துதான். இரண்டாம் உலகப் போருக்கு பிரிட்டன் வழங்கிய நட்சத்திரங்கள் பெயர் பொறிக்காமலேயே தரப்பட்டன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பெயர் இல்லை என்பதற்காக அது போலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து, ஆளை நிரூபிக்கும் தாள்கள். இங்கே பேராக்கின் சொந்த வரலாறு குறுக்கே நிற்கிறது. 1950களின் இறுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது அவை துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். காப்பாற்றப்பட்டவை சில, எஞ்சியவற்றில் பல கைமாறி, பிறகு செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் ஆயின. ஆபீஸ் பதிவேடுகளும் அப்படியே சிதறின. ஆனால் லயம் இடிந்ததோடு எல்லாத் தாளும் போய்விடவில்லை. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, திருமணப் பதிவு, 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் தொழில் என்று எழுதிய இடம் எல்லாம் சான்றுகளே. பணியை நிரூபிக்க இவை போதா. ‘இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்’ என்பதை நிரூபிக்கப் போதும். அதற்குமேல் தேவையானால் 1960ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஓர் அறிக்கை செய்யலாம். அதில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பொய்யான பிரமாணம் தண்டனைச் சட்டத்தின் 199, 200 பிரிவுகளின்படி குற்றம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் அதிகக் குழப்பம். மலேசிய ஆயுதப்படையில் இருந்தவர்களுக்குத் தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் படைவீரர் விவகார இலாகா; ஜே.எச்.இ.வி. என்றால் எல்லாருக்கும் தெரியும், ஈப்போவில் கிளை உண்டு. ஆனால் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் போலீஸ் படையைச் சேர்ந்தவர். அவர் பதிவு போலீசிடம் இருக்கும், ஜே.எச்.இ.வி.யிடம் இருக்காது. 2012ஆம் ஆண்டு முன்னாள் படைவீரர் சட்டம் ஆயுதப்படைக்கானது என்பதை மறந்து அங்கே போய் நின்று, ‘பதிவு இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு மனமுடைந்து திரும்புவது வீண் வேதனை. 1941இல் ஜப்பானியர் வந்தபோது மலாய் கூட்டரசுத் தொண்டர் படையின் பேராக் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும், பிரிட்டிஷ் ராணுவத்தில் உள்ளூரில் சேர்க்கப்பட்டவர்களுக்கும் பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சின் பதக்க அலுவலகம். கேட்டு வாங்கப்படாத பதக்கத்தை, வாரிசு என்று நிரூபித்தால், அங்கே இன்றும் கேட்கலாம். 2022 முதல் பிரிட்டிஷ் பணிப்பதிவுகள் இலட்சக்கணக்கில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறிக்கொண்டிருப்பதால், பதில் அங்கிருந்து வரவும் கூடும். நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் இருந்தவர்களின் கணக்கு தனி; இந்திய அரசு 1972இல் தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டம் அதைச் சேர்ந்தது.

‘சாப்பாட்டுக்கு உதவாத வில்லைக்கு இத்தனை அலைச்சலா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பணிப் பதக்கத்தால் மாதப் பணம் எதுவும் வராது. அலவன்ஸ் வீர விருதுக்குத்தான். வரும் என்று யாராவது ஆசை காட்டினால் விலகிப் போங்கள். ஆனால் பதக்கம் விடுபட்ட பதிவு பெரும்பாலும் வேறு இடங்களிலும் கோளாறாகத்தான் இருக்கும். பெயர் தப்பு, சேர்ந்த நாள் தப்பு, பணிக்காலம் குறைவு. ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர் உதவி கேட்கும்போதும், விதவை விண்ணப்பிக்கும்போதும் அதிகாரி திறந்து பார்ப்பது அதே கோப்பைத்தான். ஒரு மூலையில் செய்யும் திருத்தம் கோப்பு முழுவதையும் நேராக்கும்.

‘பதிவே அழிந்துபோயிருந்தால்?’ என்பது கனமான கேள்வி. அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரப் பணிப்பதிவு மையத்தில் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்தன. அதற்காக அந்த வீரர்களின் உரிமையும் எரிந்துவிட்டதாக அந்த நாடு சொல்லவில்லை. சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் அன்றாட வருகைக் குறிப்பு என்று பக்கத்துத் தாள்களிலிருந்து பதிவுகளை மறுபடி கட்டினார்கள். தவறு தெரியவந்த மூன்றாண்டுக்குள் மனுச் செய்யவேண்டும் என்று அங்கே விதி இருந்தாலும், நீதிக்குத் தேவை என்று கண்டால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் திருத்த வாரியத்துக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் பதக்கம் மறுக்கப்பட்டவர் முறையிட 2011 முதல் சட்டப்படியான தனித் தீர்ப்பாயமே இயங்குகிறது. அதுபோன்ற சுதந்திரமான அமைப்பை நாமும் கேட்கவேண்டும். மறுத்த அலுவலகமே மறுபரிசீலனையும் செய்வது முறையாகாது.

‘இப்படித் திறந்துவிட்டால் போலிகள் நுழைவார்களே’ என்பார்கள். கடையில் வாங்கிய பதக்கத்தைக் குத்திக்கொண்டு திரிபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். போலியைப் பிடிக்க உதவுவது சரியான பதிவேடு. பதிவேடு ஓட்டையாக இருக்கும்வரை பொய்க்காரனும் உண்மைக்காரனும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். நாம் அஞ்சவேண்டியது இடைத்தரகர்களை. பதக்கம் வாங்கித் தருகிறேன், டத்தோ பட்டமும் பார்க்கலாம் என்று பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மூலச் சான்றுகளைக் கைவிட்டுக் கொடுக்காதீர்கள். உறுதி செய்த நகல் போதும். மைகார்டு நகல் கொடுத்தால் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை நடுவில் எழுதிவிடுங்கள்.

இன்னொரு மறுப்பு நெஞ்சைத் தொடுவது. அவசரகாலப் போரில் தமிழர்கள் இருபக்கமும் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யார் பக்கம் நின்றார், ஏன் நின்றார் என்பது இன்னும் நம்மிடையே ஆறாத பேச்சு. அப்படியிருக்க, வெள்ளைக்காரன் கொடுத்த வில்லையைத் தேடி எடுக்கவேண்டுமா? எடுக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். பதிவைத் திருத்துவது அந்தப் போருக்குச் சான்றிதழ் தருவதாகாது. யார் எங்கே நின்றார் என்று தெரியாமல் அந்த வரலாற்றை நேர்மையாக விவாதிக்கவும் முடியாது. சம்பளத்துக்காகவோ, ஊர்க் காவலுக்காகவோ, வேறு வழியின்றியோ துப்பாக்கி ஏந்திய கூலிக்காரன் மகன் அந்த வரலாற்றில் பெயரில்லாத நிழலாக இருக்கக்கூடாது.

மறுப்பு வந்தால் எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை எங்கும் கொண்டுபோக முடியாது. கடிதம் கையில் வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுப் புகார் பிரிவுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதலாம். உயர்நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனை கேட்க நினைத்தால் நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணைப்படி முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். ஆகவே வழக்கறிஞரை உடனே பாருங்கள். அரச விருது வழங்கும் விருப்புரிமையில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. பதிவை முறையாகப் பார்க்காமலே மறுத்துவிட்டார்கள் என்ற வாதம்தான் அங்கே நிற்கக்கூடியது. இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 1968 ஜூன் 17 அன்று குரோ-பெத்தோங் எல்லைப் பகுதியில் 17 பேர் பலியான பதுங்கித் தாக்குதலோடு கம்யூனிஸ்டுகளின் இரண்டாம் கட்டப் போராட்டம் தொடங்கியபோது 20 வயது நிறைந்திருந்தவர்களுக்கு இன்று 80ஐ நெருங்கும் வயது. முதல் அவசரகாலத்தின் தொடக்கத்தில் பணியாற்றியவர்கள் 90ஐத் தாண்டிவிட்டார்கள். கூடப் பணியாற்றியவர் யாராவது ஈப்போவிலோ தைப்பிங்கிலோ உயிரோடு இருந்தால், மற்றத் தாள்களைத் தேடுவதற்கு முன்பாக அவரைச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் அழைத்துப் போங்கள். நடக்க முடியாதவர் என்றால் ஆணையரை அவர் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். எந்த முகாம், எந்த ஆண்டு, யார் சார்ஜென்ட் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.